வீட்டைச் சபை கேட்கும்போது: கட்டாயக் கொள்வனவு பற்றிய ஒரு பாடம்

சபையின் இலச்சினை பொறித்த கடித உறை வாசலில் விழுந்தவுடன் அதனைத் திறந்து வாசிப்போர் நம்மிடையே சிலரே. சபைவரி பற்றியதாக இருக்கும், குப்பை எடுக்கும் நாள் மாறியிருக்கும் என்று எண்ணி மேசையோரத்தில் வைத்துவிடுகிறோம். அவ்வாறு வைக்கக் கூடாத ஒரு வகைக் கடிதம் பற்றியதே இப்பாடம்.

இங்கிலாந்திலுள்ள உள்ளூராட்சி சபை ஒன்று, உரிமையாளர் விற்க விரும்பாவிட்டாலும், அவருடைய வீட்டையோ கடையையோ காணியையோ சட்டப்படி விலைக்கு எடுத்துக்கொள்ள முடியும். இதற்கான ஆணை ஆங்கிலக் கடிதங்களில் ‘கம்பல்சரி பேர்ச்சேஸ் ஓடர்’ என்றும், சுருக்கமாக ‘சீ.பீ.ஓ.’ என்றும் காணப்படும். இங்கே அதனைக் கட்டாயக் கொள்வனவு ஆணை என்று குறிப்பிடுகிறோம். வீதி, பாடசாலை போன்றவற்றுக்கு மட்டுமன்றி, ஒரு பிரதேசத்தின் பொருளாதார அபிவிருத்திக்காகவும் இந்த அதிகாரம் பயன்படுத்தப்படுகிறது. இவ்வழிகாட்டியை வெளியிடும் சபைக்கும் இதே அதிகாரம் உண்டு. ஆகவே அதன் எல்லைகளையும் அதற்கு எதிரே குடியிருப்பாளருக்குள்ள உரிமைகளையும் வாசகர்கள் அறிந்திருப்பது முறையானது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு சபையின் பிரதேசத்தில் வசித்த முதியவர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருந்தேன். அவர் ஒரு பல்பொருள் அங்காடிப் பையில் பதினொரு கடித உறைகளைக் கொண்டுவந்தார். மூன்று மட்டுமே திறக்கப்பட்டிருந்தன. அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கான ஆணை குறித்த அறிவித்தல் ஐந்தாவது உறையில் இருந்தது. ஆட்சேபணை தெரிவிப்பதற்கான காலம் முடிந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்த வீட்டைப் பூட்டி, காணி உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறியவர் அவர். “அங்கை ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. இஞ்சையும் கேக்கமாட்டினம் எண்டுதான் நினைச்சன், பிள்ளை” என்றார்.

அந்த ஐந்தாவது உறைதான் அவரைக் கேட்டது. இந்நாட்டுச் சட்டம், வீட்டை எடுப்பதற்கு முன்னர் அதில் வாழ்பவரைக் கேட்கும்படி சபையைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கேள்வி தபாலில் வருகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. இப்பாடத்தின் சாரம் இவ்வளவே. எஞ்சியவை விளக்கம்.

1. அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

சபை தன் விருப்பப்படி எவருடைய வீட்டையும் எடுக்க முடியாது. ஒவ்வோர் ஆணைக்கும் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் அனுமதி வேண்டும். புதிய வீடுகளை அமைப்பதற்காயின் 1985ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் பயன்படலாம். அபிவிருத்திக்காகவும் மீளபிவிருத்திக்காகவும் ஆயின், 1990ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 226ஆம் பிரிவு பயன்படுகிறது. இப்பிரிவின்படி, பிரதேசத்தின் பொருளாதார, சமூக, சுற்றாடல் நலன்களுள் ஒன்றையேனும் திட்டம் மேம்படுத்தும் என்று சபை கருத வேண்டும். ‘பொருளாதார நலன்’ இப்பட்டியலில் இருப்பதனால்தான் கடைத்தொகுதி, அலுவலகக் கட்டடம், தனியார் நிறுவனம் அமைக்கும் அடுக்குமாடி ஆகியவற்றுக்காகவும் வீடுகள் எடுக்கப்படுகின்றன. எடுத்த காணியைச் சபை ஒரு தனியார் நிறுவனத்திடம் கையளிக்கவும் கூடும்.

ஆணை பின்பற்ற வேண்டிய நடைமுறையை 1981ஆம் ஆண்டின் காணி கொள்வனவுச் சட்டம் வகுத்துள்ளது. சபை ஆணையைப் பிறப்பித்தால் மட்டும் போதாது. அது உறுதிப்படுத்தப்பட வேண்டும். சபைகளின் ஆணைகளை உறுதிப்படுத்தும் அதிகாரம் பொதுவாக உரிய அரசாங்க அமைச்சரிடம் உள்ளது. ஒருவருமே ஆட்சேபணை தெரிவிக்காவிடின், சபையே தன் ஆணையைத் தானே உறுதிப்படுத்துவதற்கு அனுமதிக்கப்படலாம். குடியிருப்பாளரின் மௌனம் சட்டத்தின் கண்ணில் எவ்வாறு பொருள்படுகிறது என்பதை இவ்விதியிலிருந்து உணரலாம்.

ஆணையை உறுதிப்படுத்துவதற்கு, வலுவானதும் தவிர்க்க முடியாததுமான பொதுநலத் தேவை ஒன்று உண்டு எனச் சபை நிறுவ வேண்டும். 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டத்தின் மூலம், வதிவிடத்துக்கும் குடும்ப வாழ்வுக்கும் மதிப்பளிக்கும் 8ஆம் உறுப்புரையும், சொத்தை அமைதியாக அனுபவிக்கும் உரிமையைக் கூறும் முதலாம் நெறிமுறையின் 1ஆம் உறுப்புரையும் இங்கு பொருந்துகின்றன. 1982இல் தீர்க்கப்பட்ட பிரெஸ்ட் வழக்கில், தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்குமாயின் முடிவு ஆணைக்கு எதிராகவே அமைய வேண்டும் என்ற கருத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் வெளியிட்டது. தேவையை நிறுவும் பொறுப்பு எடுப்பவருடையது. தன் வீட்டில் தொடர்ந்து வாழ ஏன் விரும்புகிறேன் என்று நிறுவும் பொறுப்பு வீட்டுக்காரருடையதன்று.

2. பொதுநலன் என்பது யாருடைய நலன்?

இக்கேள்வி இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் துறைமுக நகரத்தில் எழுந்தது. இங்கிலாந்தின் சட்டம் வேறாயினும், அவ்வழக்கு தரும் படிப்பினை இங்கும் பயன்படும்.

பொருளாதாரம் நலிந்திருந்த அந்நகரத்தில், பைசர் மருந்து நிறுவனம் ஓர் ஆய்வு நிலையத்தை அமைக்கப்போவதாக 1998இல் அறிவித்தது. அதற்கு அருகே ஃபோர்ட் ட்ரம்புல் பகுதியிலுள்ள ஏறத்தாழ 90 ஏக்கர் நிலத்தில் ஹோட்டல், அலுவலகங்கள், புதிய வீடுகள் ஆகியவற்றை அமைக்க நகர நிர்வாகம் திட்டமிட்டது. பெரும்பாலான உரிமையாளர்கள் விற்றனர். 15 சொத்துகளுக்கு உரிமையாளர்களான ஒன்பது பேர் மறுத்தனர். அவர்களுள் ஒருவர் 1918இல் தாம் பிறந்த அதே வீட்டிலேயே வாழ்ந்துவந்த மூதாட்டி. மற்றொருவர் 1997இல் அங்கு வீடு வாங்கிய சூசெட் கீலோ என்ற தாதி. அவ்வீடுகள் பாழடைந்தவை என்று எவரும் கூறவில்லை. திட்டத்தின் எல்லைக்குள் அமைந்திருந்ததே அவை எடுக்கப்பட்டதற்கான காரணம்.

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், தனியார் சொத்தைப் ‘பொதுப் பயன்பாட்டுக்காக’ எடுக்கும்போது நியாயமான நட்டஈடு வழங்க வேண்டும் என்கிறது. தொழில்வாய்ப்பும் வரி வருமானமும் பெருகும் என்ற எதிர்பார்ப்பு பொதுப் பயன்பாடு ஆகுமா என்பதே வழக்கின் வினா. 2005 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், ஆகும் என்று தீர்ப்பளித்தது. முழுமையாக ஆராய்ந்து வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று இருக்கும்போது, அதன் தேவை பற்றிய நகரத்தின் முடிவை நீதிமன்றம் தன் முடிவால் மாற்றீடு செய்யாது என்பது பெரும்பான்மையினரின் நிலைப்பாடு. இத்தகைய எடுப்பினால் நன்மை பெறுவோர் பெரும்பாலும் செல்வாக்கு மிக்கவர்களாகவே இருப்பர் என்று நீதியரசர் சான்ட்ரா டே ஓ’கொனர் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார்.

தீர்ப்புக்குப் பின்னர் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் சட்டங்களைத் திருத்தின. கீலோவின் வீடு பிரித்தெடுக்கப்பட்டு, நகரத்தின் வேறொரு பகுதியில் மீண்டும் அமைக்கப்பட்டது. 2009இல் பைசர் நிறுவனம் நியூ லண்டனை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகள் இடிக்கப்பட்ட நிலம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

இவ்வழக்கிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். முதலாவது, திட்டம் நல்லதா கெட்டதா என்ற வினாவை நீதிமன்றத்தில் எழுப்புவது பெரும்பாலும் காலம் கடந்த செயலாகும். இங்கிலாந்திலும் நிலைமை இதுவே. ஆணை உறுதியானபின் ஆறு வாரங்களுக்குள் ஹைகோர்ட் எனப்படும் மேல் நீதிமன்றத்தை நாடலாம். எனினும் அது சட்டப் பிழையும் நடைமுறைப் பிழையும் நேர்ந்தனவா என்றே ஆராயும். திட்டத்தின் தேவையை உண்மையில் எடைபோடும் இடம் அதற்கு முந்திய பகிரங்க விசாரணையே.

இரண்டாவது, திட்டம் கைகூடுமா என்ற கேள்வி வீட்டுக்காரரும் எழுப்பத் தக்கதாகும். இங்கிலாந்தின் அரச வழிகாட்டல்களின்படி, திட்டத்துக்கான பணம் எங்கிருந்து வரும், அனுமதிகள் கிடைத்துள்ளனவா, தடைகள் உண்டா என்பவற்றைச் சபை விளக்க வேண்டும். இடித்த பின்னர் நிலம் வெறுமையாகக் கிடக்காது என்பதற்கு என்ன உறுதி எனக் கேட்பது வீண்வாதமன்று. அது சட்டம் எதிர்பார்க்கும் கேள்வி.

3. ஆணையின் படிகள்

(அ) தகவல் கோரும் கடிதம். வீட்டின் உரிமையாளர் யார், அடமானம் யாரிடம், யார் யார் குடியிருக்கின்றனர் என்று கேட்கும் படிவம் ஒன்று வரும். இதற்குப் பதிலளிக்காமல் விடுவது குற்றமாகலாம். அதனைவிட முக்கியமாக, இப்படிவத்தில் பெயர் இல்லாதவர் பின்னர் அறிவித்தல் பெறாமற் போகக்கூடும். மாடியறையில் வாடகைக்கு இருக்கும் உறவினரின் பெயரையும் எழுதுங்கள்.

(ஆ) பேச்சுவார்த்தை. கட்டாயக் கொள்வனவு இறுதி வழியாகவே இருக்க வேண்டும். இணக்கத்தின் மூலம் வாங்குவதற்குச் சபை உண்மையான முயற்சி எடுத்திருக்க வேண்டும். சந்திப்புக்கு அழைத்தால் செல்லுங்கள். பேசியவற்றைத் திகதியுடன் குறித்து வையுங்கள். வாய்மொழியாகக் கூறப்பட்ட வாக்குறுதியை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

(இ) ஆணையும் அறிவித்தலும். உரிமையாளர், குத்தகைக்காரர், வாடகைக் குடியிருப்பாளர் ஆகிய அனைவருக்கும் அறிவித்தல் அனுப்பப்படும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அவ்விடத்திலும் விளம்பரம் செய்யப்படும். ஆட்சேபணைக்குக் குறைந்தது 21 நாள்கள் தரப்படும். இறுதித் திகதி அறிவித்தலிலேயே இருக்கும். அதனை நாட்காட்டியில் குறிப்பதே முதற்பணி.

(ஈ) விசாரணை. ஆட்சேபணை இருந்தால், சுயாதீனமான விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுவார். விடயம் எழுத்து மூலமாகவோ பகிரங்க விசாரணையிலோ ஆராயப்படும். சட்டத்தரணி இல்லாமலும் நீங்களே பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை எனின் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஆணை நிராகரிக்கப்பட்டால், ஆட்சேபித்த உரிமையாளருக்கு நியாயமான செலவுகள் வழமையாகக் கிடைக்கும். ஆணை உறுதியானாலும், முறையாக ஆட்சேபித்தவர் சபையின் செலவைச் சுமக்க வேண்டிய நிலை சாதாரணமாக ஏற்படுவதில்லை.

(உ) கையேற்றல். ஆணை உறுதியானபின், சபை உட்புகும் அறிவித்தல் மூலமோ, உரிமையைத் தன்பால் மாற்றும் பிரகடனம் மூலமோ வீட்டைக் கையேற்கும். இரண்டிலும் குறைந்தது மூன்று மாத கால அவகாசம் உண்டு.

4. பயனுள்ள ஆட்சேபணை எவ்வாறு அமையும்?

பலரும் செய்யும் தவறு ஒன்றை முதலில் கூற வேண்டும். “தரும் விலை போதாது” என்று மட்டும் எழுதப்பட்ட ஆட்சேபணையை அமைச்சர் கவனத்திற் கொள்ளாமல் விடச் சட்டம் இடமளிக்கிறது. ஏனெனில் வீட்டை எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி; என்ன விலை என்பது இன்னொரு கேள்வி. முதலாவதை விசாரணை அதிகாரியும் அமைச்சரும் ஆராய்வர். இரண்டாவதில் இணக்கம் ஏற்படாவிடின் காணிகளுக்கான மேல் தீர்ப்பாயம் முடிவு செய்யும். 21 நாள் காலக்கெடு முதற் கேள்விக்கே உரியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால், முதற் கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

ஆகவே ஆட்சேபணையில் பின்வரும் விடயங்களை எழுதலாம்: உங்கள் வீட்டை விட்டுவைத்தும் திட்டத்தை நிறைவேற்ற முடியும், கட்டடத்தை இடிக்காமல் திருத்தும் மாற்று வழி முறையாக ஆராயப்படவில்லை, பணமோ திட்ட அனுமதியோ உறுதியாகவில்லை, உண்மையான பேச்சுவார்த்தை நடைபெறவில்லை, உங்கள் குடும்பத்துக்கு ஏற்படும் பாதிப்பு மிகையானது. கடைசிக் காரணத்தை உணர்ச்சிச் சொற்களால் அன்றி விபரங்களால் நிரப்புங்கள். எத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்கிறீர்கள், யாருக்கு எந்த வைத்தியசாலையில் சிகிச்சை, பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கின்றனர், வயோதிபத் தாயைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அயலவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பன போன்ற விபரங்களே விசாரணையில் எடைபெறும்.

தென்கிழக்கு இலண்டன் சதக் பிரதேசத்தின் எய்ல்ஸ்பரி குடியிருப்புத் தொகுதி இதற்கு எடுத்துக்காட்டு. 1960களிலும் 1970களிலும் அமைக்கப்பட்ட இத்தொகுதியில் ஏறத்தாழ 2,700 வீடுகள் இருந்தன. மீளபிவிருத்தியின் ஒரு பகுதிக்காகச் சபை பிறப்பித்த ஆணையை, சபையிடமிருந்து வீடு வாங்கிய குத்தகை உரிமையாளர் சிலர் எதிர்த்தனர். தரப்படும் தொகையைக் கொண்டு அதே பகுதியில் இன்னொரு வீட்டை வாங்க இயலாது. சேமிப்பை இழக்க வேண்டும், அல்லது தொலைவுக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். 2016 செப்டெம்பரில் அப்போதைய அமைச்சர் ஆணையை உறுதிப்படுத்த மறுத்தார். குடும்ப வாழ்வுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் பண்பாட்டுத் தொடர்புகளுக்கும் ஏற்படும் பாதிப்பும், சிறுபான்மை இனத்தவர்மீது அது கூடுதலாக விழுவதும் கருத்திற் கொள்ளப்பட்டன.

கதை அத்துடன் முடியவில்லை. சபை நீதிமன்றத்தை நாடியது. அந்த முடிவு 2017இல் விலக்கப்பட்டது. 2018இல் இரண்டாவது விசாரணை இடம்பெற்று, அவ்வாண்டிலேயே ஆணை உறுதியானது. இதனைத் தோல்வி என்று மட்டும் வாசிக்க வேண்டியதில்லை. ஆட்சேபணை எழுதியவர்கள் இருந்தமையால்தான் குடியிருப்பாளரின் நிலை இருமுறை வெளிப்படையாக ஆராயப்பட்டது. அத்துடன், நட்டஈட்டுக்கும் அயலில் உள்ள வீட்டு விலைக்கும் இடையிலான இடைவெளி வெறும் விலைப் பேச்சன்று; வதிவிடத்துக்கான உரிமையைப் பாதிக்கும் விடயம் என்று வாதிடலாம் என்பதும் இதன்மூலம் தெளிவாயிற்று.

5. நட்டஈடு எவ்வாறு கணிக்கப்படுகிறது?

எடுக்கப்படுவதற்கு முன்னிருந்த பொருளாதார நிலைக்கு உரிமையாளரைப் பணத்தின் மூலம் மீளக் கொண்டுவருவதே நட்டஈட்டின் கோட்பாடு. அதன் பகுதிகள் வருமாறு.

சந்தை விலை: விரும்பி விற்பவர் திறந்த சந்தையில் பெறக்கூடிய விலை. 1961ஆம் ஆண்டின் காணி நட்டஈட்டுச் சட்டத்தின்படி, அத்திட்டமே இல்லாத நிலையைக் கற்பனை செய்து விலை கணிக்கப்படும். திட்டத்தினால் அயலில் ஏற்பட்ட விலையேற்றம் சேராது. திட்டம் பற்றிய வதந்தியால் ஏற்பட்ட விலைவீழ்ச்சியும் கழிக்கப்படாது.

வதிவிட இழப்புக் கொடுப்பனவு: 1973ஆம் ஆண்டின் காணி நட்டஈட்டுச் சட்டம் வழங்குவது. குறைந்தது ஓராண்டு அவ்வீட்டைத் தம் முதன்மை வதிவிடமாகக் கொண்டு வாழ்ந்த உரிமையாளருக்குச் சந்தை விலையின் 10 சதவீதம் கிடைக்கும். இதற்குக் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. அவை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால் நடப்புத் தொகையைக் கேட்டறியுங்கள். வாடகைக் குடியிருப்பாளருக்கு நிலையான ஒரு தொகை உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் வசிக்கும் உரிமையாளருக்கு, ஓர் உச்ச எல்லைக்கு உட்பட்டு, அடிப்படை இழப்புக் கொடுப்பனவு உண்டு.

இடம்பெயர் செலவுகள்: பொருள்களை ஏற்றி இறக்கும் செலவு, புதிய வீடு வாங்கும்போது ஏற்படும் சட்டத்தரணிக் கட்டணம், முத்திரை வரி போன்ற நியாயமான செலவுகள். ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். உங்கள் சார்பில் விலைபேசும் மதிப்பீட்டாளரின் நியாயமான கட்டணத்தையும் வழமையாகச் சபையே செலுத்தும். எனவே, சபையின் மதிப்பீட்டாளர் கூறும் தொகையை மட்டும் நம்பி ஒப்பமிட வேண்டியதில்லை.

ஓர் உதாரணம். ஒருவர் பத்தாண்டுகளாக வாழும் வீட்டின் சந்தை விலை 320,000 பவுண் எனக் கொள்வோம். 10 சதவீதமான 32,000 பவுண் சேர்ந்து 352,000 பவுண் ஆகிறது. வங்கிக்கு 140,000 பவுண் கடன் இருந்தால் அது கழிந்து, 212,000 பவுணும் இடம்பெயர் செலவுகளும் அவரிடம் சேரும். விலை பற்றிய பிணக்கு தீராதபோதும், வீடு கையேற்கப்படும் நிலையில், சபை மதிப்பிட்ட தொகையில் 90 சதவீதத்தை முற்பணமாகக் கோரலாம். முற்பணம் பெறுவதனால் மேலதிகமாகக் கேட்கும் உரிமை அற்றுப்போகாது.

திட்ட அறிவிப்பினால் வீட்டை விற்க முடியாமல் சிக்குண்டவருக்கும் வழி உண்டு. நியாயமாக முயன்றும் மிகக் குறைந்த விலைக்கன்றி விற்க இயலாது என்று காட்டக்கூடிய, அவ்வீட்டில் வாழும் உரிமையாளர், வீட்டை வாங்கிக்கொள்ளும்படி சபையைக் கோரும் ‘பிளைட் நோட்டிஸ்’ என்ற அறிவித்தலைக் கொடுக்கலாம்.

6. கடிதம் வருவதற்கு முன்னரே செய்யத்தக்கவை

காணிப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே எந்த முகவரி உள்ளது என்று பாருங்கள். அறிவித்தல்கள் அங்கேயே செல்லக்கூடும். கனடாவுக்குச் சென்றுவிட்ட அண்ணரின் பெயரில் வீடு இருந்து, அவருடைய பழைய முகவரியே பதிவில் இருக்குமாயின், 21 நாள்களும் உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். ஒரு சொத்துக்கு மின்னஞ்சல் உட்பட மூன்று முகவரிகள் வரை பதியலாம். குத்தகை வீடாயின், எஞ்சிய ஆண்டுகளைப் பாருங்கள். குத்தகைக் காலம் குறையக் குறைய விலையும் குறையும். திருத்தவேலைகளின் சிட்டைகளையும் புகைப்படங்களையும் ஓரிடத்தில் வையுங்கள். பிரதேசத் திட்டம் பற்றிய கருத்துக்கணிப்புக் கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள். பல ஆணைகளின் வேர் அத்திட்டங்களிலேயே உள்ளது.

7. மீட்டல் வினாக்கள்

வினா: நான் ஒப்பமிடாவிட்டால் வீட்டை எடுக்க முடியாதல்லவா?
விடை: முடியும். உறுதியான ஆணைக்கு உங்கள் ஒப்பம் தேவையில்லை. ஒப்பமிடாமல் இருப்பது ஆட்சேபணை ஆகாது. ஆட்சேபணையை எழுதி அனுப்ப வேண்டும்.

வினா: நான் வாடகைக்கு இருப்பவன். எனக்கும் பேச உரிமை உண்டா?
விடை: உண்டு. குடியிருப்பாளரும் அறிவித்தல் பெறவும் ஆட்சேபிக்கவும் உரித்துடையவர்.

வினா: ஆட்சேபித்தால் சபை என்னைப் பகைத்துக்கொள்ளாதா?
விடை: ஆட்சேபணை நடைமுறையின் ஓர் அங்கம். உங்கள் பிற சேவைகளையோ நட்டஈட்டையோ அது பாதிக்கக் கூடாது. விசாரணைக்கு முன்னர் இணக்கம் ஏற்பட்டால் ஆட்சேபணையை மீளப்பெறவும் முடியும்.

வினா: எடுத்த காணியை அதற்குரிய தேவைக்குப் பயன்படுத்தாவிட்டால்?
விடை: டோர்செட் மாவட்டத்தின் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 1938இல் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுக்கப்பட்ட 725 ஏக்கர் நிலம், போருக்குப் பின்னர் உரிமையாளர் தரப்புக்கு மீள விற்கப்படாமல் வேறு தேவைக்கு வைக்கப்பட்டது. அதனால் எழுந்த சர்ச்சையில் 1954இல் விவசாய அமைச்சர் பதவி துறந்தார். அதன்பின் உருவான கிரிச்செல் டவுன் விதிகளின்படி, தேவையற்றுப்போன காணியை நடப்புச் சந்தை விலைக்கு முன்னைய உரிமையாளருக்கே முதலில் வழங்க முன்வர வேண்டும். காணியின் தன்மை பெரிதும் மாறியிருந்தால் இவ்விதி பொருந்தாது. வீடு இடிக்கப்பட்டவருக்கு இதனால் ஆறுதல் குறைவே. ஆகவேதான் இடிப்பதற்கு முன்னர் பேச வேண்டும் என்கிறோம்.

பதினொரு உறைகளுடன் வந்த முதியவருக்குச் சந்தை விலையும் 10 சதவீதக் கொடுப்பனவும் கிடைத்தன. சட்டப்படி அதில் குறையில்லை. அதே கட்டடத்தில் காலத்தோடு ஆட்சேபித்த இரண்டு குடும்பங்கள், விசாரணைக்கு முன்னரே சபையுடன் இணக்கம் கண்டு, அதே வீதியில் எழும் புதிய கட்டடத்தில் வீடு பெற்றன. முதியவர் மகளுடைய ஊருக்குச் சென்றார். அங்கு தமிழ்க் கடையும் இல்லை, கோயிலும் இல்லை என்று பின்னொரு நாள் தொலைபேசியில் கூறினார்.

இக்கட்டுரை இங்கிலாந்தின் சட்டம் பற்றிய பொதுவான விளக்கம் மட்டுமே. தனிப்பட்ட சட்ட ஆலோசனை அன்று. அறிவித்தல் கிடைத்தவர்கள் தாமதியாது ஒரு சட்டத்தரணியையோ இலவச ஆலோசனை நிலையத்தையோ நாட வேண்டும். கடிதத்தின் பொருள் விளங்காவிடின், உறையுடன் சபையின் சேவை நிலையத்துக்கு வந்து ‘தமிழ்’ என்று கூறுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒழுங்கு செய்யப்படுவார். உறை பிரிக்கப்படாமல் இருந்தாலும் கொண்டுவாருங்கள். சேர்ந்து திறந்து வாசிப்போம்.